சாமிக்கு விட்ட ஹைட்ரோ

துணி நாறுகிறது என்று ஹாலந்துக்காரன் மெயில் அனுப்பாமல் இருந்திருந்தால் சித்ராதேவி அந்த அகராதியைத் தொட்டே இருக்க மாட்டாள். அது படிப்பதற்காக வாங்கின அகராதி இல்லை. முதலாளி சென்னியப்பன் கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் தோல் அட்டை போட்ட இரண்டு தடிப் புத்தகங்களை எடைக்கு வாங்கி வந்து, தன் நாற்காலிக்குப் பின்னால் முருகன் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார். ஆர்டர் பேச வருகிற வெள்ளைக்காரன் கண்ணில் படவேண்டும், அவ்வளவுதான். பெருக்க வருகிற கருப்பாத்தாள் ஒருத்திதான் அதைத் தொட்டுத் துடைத்தவள். அவளுக்கு எழுத்து தெரியாது.

நாற்றத்தைப் போக்குவதற்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை உண்டு என்று சித்ராவுக்கு ஞாபகம் இருந்தது. எழுத்துத்தான் சரியாக வரவில்லை. முதலாளி வெளியே போயிருந்த நேரம் பார்த்து முதல் புத்தகத்தை இறக்கி, டி வரிசையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். தேடின வார்த்தைக்குக் கொஞ்சம் முன்னாலேயே விரல் நின்றுவிட்டது.

டியோடாண்ட். மனிதன் ஒருவனின் சாவுக்குக் காரணமாகிவிட்ட பொருளோ பிராணியோ. இங்கிலாந்தின் பழைய சட்டப்படி அது பறிமுதலாகித் தர்ம காரியத்துக்குப் போகவேண்டும். லத்தீனில் 'கடவுளுக்குக் கொடுக்கப்பட வேண்டியது' என்று பொருள்.

கீழே பொடி எழுத்தில் இன்னும் நிறைய இருந்தது. வண்டி ஏறி ஆள் செத்தால் வண்டி. குதிரை உதைத்துச் செத்தால் குதிரை. பாய்லர் வெடித்தால் பாய்லர், கடைசிக் காலத்தில் ரயில் இஞ்சின்கூட. நின்றுகொண்டிருந்த வண்டியின் சக்கரத்தில் ஏறி விழுந்து செத்தால் சக்கரம் மட்டும் போதும். ஓடிக்கொண்டிருந்த வண்டி என்றால் சக்கரத்தோடு சேர்ந்து நகர்ந்தது அத்தனையும் போகவேண்டும். பல நூறு வருஷம் இப்படி நடந்திருக்கிறது. பக்கம் அங்கே முடிந்தது. சித்ரா புத்தகத்தை மூடி இருந்த இடத்தில் வைத்தாள். ஹாலந்துக்காரனுக்கு, நாற்றம் இல்லாமல் அனுப்புகிறோம் என்று சாதாரண இங்கிலீஷிலேயே எழுதிவிட்டாள்.

ஓடிக்கொண்டிருந்ததா, நின்றுகொண்டிருந்ததா என்ற கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியும். ஓடிக்கொண்டிருந்தது.

சாயம் ஏற்றின ஈரத்துணியைக் கூடையில் போட்டுச் சுற்றவிட்டுத் தண்ணீரைப் பிழிந்தெடுக்கிற மெஷினுக்குத் திருப்பூரை அடுத்த அருள்புரம் பக்கம் ஹைட்ரோ என்று பெயர். கூடை நிற்கிற வரைக்கும் மூடி திறக்காமல் இருக்க அதில் ஒரு பூட்டு உண்டு. கூடை நிற்பதற்கு நாலு நிமிஷம் ஆகும். ஒரு நாளைக்கு எத்தனை கூடை, எத்தனை நாலு நிமிஷம் வீணாகிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்து, பூட்டில் ஒயரைக் கட்டி அதை ஏமாற்றி வைத்திருந்தான். போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சுற்றிக்கொண்டிருந்த துணியின் வால் ஒன்று ஆபரேட்டர் வேல்குமாரின் கையைச் சுற்றியது. அதற்கு மேல் சொல்வதற்கில்லை. வேல்குமார் சித்ராதேவியின் புருஷன்.

நாற்பது நாள் கழிந்ததும் முதலாளி அவளைக் கூப்பிட்டு அதே கம்பெனியில் ஆபீஸ் வேலை போட்டுக் கொடுத்தார். பி.காம் படித்தவள், கம்ப்யூட்டர் தெரிந்தவள், மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் பூங்குழலியை வைத்துக்கொண்டு வேறு எங்கே போவாள்? சேர்ந்த முதல் வாரம் துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்புவதற்காக விபத்து அறிக்கை ஒன்றை டைப் அடிக்கச் சொல்லி மேனேஜர் மோகன்ராஜ் கொண்டுவந்து வைத்தான். தலையைக் குனிந்துகொண்டுதான் வைத்தான், அதையும் சொல்லவேண்டும். ஆபரேட்டரின் கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்து என்று அதில் இருந்தது. சித்ரா டைப் அடித்தாள். கவனக்குறைவு என்ற இங்கிலீஷ் வார்த்தையில் மோகன்ராஜ் ஓர் எழுத்தை விட்டிருந்தான். அதையும் சேர்த்துத் திருத்திக் கொடுத்தாள்.

அவள் அழவில்லை. சாவு வீட்டிலும் அழவில்லை, அப்புறமும் இல்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? கல்நெஞ்சுக்காரி என்றது, படித்த திமிர் என்றது. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி அவளுக்கு உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலிக்காது. காலையில் எழுந்தாள், மகளுக்குச் சடை பின்னினாள், ரசம் வைத்தாள், மினிபஸ் பிடித்தாள். யாராவது வேல்குமார் பேச்சை எடுத்தால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

கம்பெனியில் ஹைட்ரோ இரண்டு. வேல்குமாரைத் தின்றது இரண்டாம் நம்பர். அதற்குப் பிறகு அதன் பக்கம் யாரும் போகவில்லை. முதலாளி ஐயரை வைத்துப் பூசை போட்டார், பூசணிக்காய் உடைத்தார், ஆயுத பூசைக்கு அதற்கென்று தனியாக மாலை வாங்கினார். உள்ளூர்க்காரர்கள் கும்பிட்டார்கள், பொரி தின்றார்கள், தொடவில்லை. பீகார்க்காரர்கள் கும்பிடக்கூட இல்லை. ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த பெரியகருப்பன் முதல் நம்பர் ஹைட்ரோ ஆபரேட்டர், ஆறடி ஆள், அவனே அதைத் தாண்டும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டு போவான். விற்றுத் தொலைக்கலாம் என்றால், திருப்பூரில் ஒரு கம்பெனியில் தும்மினால் பத்துக் கம்பெனிக்குக் கேட்கும். ஆளைத் தின்ற மெஷினை யார் வாங்குவார்கள்? தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்தார்கள். ஆறு மாதம் அப்படியே நின்றது. மற்ற எல்லாமும் மறுநாளே ஓட ஆரம்பித்த அந்தக் கம்பெனியில், வேல்குமாருக்காகத் துக்கம் காத்தது அந்த மெஷின் ஒன்றுதான்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது தார்ப்பாயை எடுத்தார்கள். பச்சை பெயின்ட் அடித்தார்கள். இரண்டு என்ற எண்ணை அழித்து மூன்று என்று எழுதினார்கள். பழசு போய்விட்டது, புதுசு வந்திருக்கிறது என்று எமனை ஏமாற்றுகிற யோசனை அது. புதிதாக ரயிலேறி வருகிற ஆள் எவனுக்காவது சொல்லாமல் கொள்ளாமல் அந்த மெஷினைக் கொடுத்துவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. சித்ராவுக்கும் தெரிந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கூடை மறுபடி சுற்றக்கூடாது. இன்னொருத்தன் அதில் கைவிடக்கூடாது. வேறு எதுவும் வேண்டாம்.

ஹாலந்துக்காரன் மெயில் வந்தது அந்த வாரத்தில்தான்.

அன்று சாயந்திரம் மினிபஸ்ஸில் நின்றுகொண்டே அந்த வார்த்தையை மனசுக்குள் புரட்டிக்கொண்டு வந்தாள். சக்கரத்தோடு சேர்ந்து நகர்ந்தது அத்தனையும். ஹைட்ரோவோடு சேர்ந்து என்னென்ன நகர்ந்தது? கூடை நகர்ந்தது. மோட்டாரும் பெல்ட்டும் நகர்ந்தன. ஈரத்துணி நகர்ந்தது, அந்தத் துணி பனியனாகிக் கப்பலேறிப் போய் எவனோ ஒருத்தன் முதுகில் இப்போது இருக்கும். கப்பலுக்கு இன்ன தேதி என்று ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த தாள் அசையாமல்தான் இருந்தது, ஆனால் எல்லாவற்றையும் நகர்த்தினது அதுதான். அந்தக் கால வெள்ளைக்கார ஜட்ஜ் யாராவது வந்து நியாயம் சொன்னால் பல்லடம் ரோட்டுக் கம்பெனி பூராவையும் சாமிக்கு எழுதி வைக்கவேண்டி வரும். அவ்வளவு வேண்டாம். மெஷின் போதும்.

மறுநாள் காலையில் முதலாளி சூடம் காட்டிவிட்டு உட்கார்ந்ததும் போய் நின்றாள்.

"ஏனுங்க மொதலாளி, ஒண்ணு கேக்கோணுமுங்க."

"சொல்லு அம்மிணி."

"அந்த ஹைட்ரோவ மறுக்கா ஓட்ட வேண்டாமுங்க. சாமிக்கு உட்டுப்போடலாமுங்க."

சென்னியப்பன் பேனாவைக் கீழே வைத்தார். "சாமிக்கு ஆடு உடுவாங்க, மாடு உடுவாங்க. மிசினை யாரு அம்மிணி உட்டா?"

"வெள்ளைக்காரன் உட்டிருக்கறானுங்க."

அவருக்குப் பின்னால் இருந்த புத்தகத்தையே எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னாள். வண்டி, குதிரை, பாய்லர், ரயில் இஞ்சின். ரயில் இஞ்சினைக் கேட்டதும் முதலாளி நிமிர்ந்தார். தன் அலமாரியில் இப்படி ஒரு சங்கதி இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்ததே என்ற ஆச்சரியம் அவர் முகத்தில் தெரிந்தது.

"எழுதியே வெச்சிருக்கறானா?"

"அச்சுல இருக்குதுங்க."

சென்னியப்பன் பொல்லாதவர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அவர் பொல்லாதவர் இல்லை. கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறவர். வேல்குமார் செத்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் தரையில் உட்கார்ந்து அழுதவர். மறுநாள் காலை ஷிப்டுக்கு ஆள் வந்தாகிவிட்டதா என்று போன் போட்டுக் கேட்டவரும் அவரேதான். இரண்டுமே நிஜம்.

திரும்பி முருகன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "நல்ல ரோசனை அம்மிணி. எனக்குத் தோணாமப் போச்சு பாரு," என்றார். "தைப்பூசத்தன்னிக்குக் கரட்டுக் கோயிலுக்கு உட்டுப்போடலாம். உன்ற ஊட்டுக்காரன் ஆத்மா சாந்தியாகட்டும்."

கரட்டுக் கோயில் என்பது அருள்புரத்துக்குத் தெற்கே சின்னக் கரட்டின் மேல் இருக்கிற முருகன் கோயில். சென்னியப்பன் வகையறாவுக்குத்தான் அங்கே முதல் மரியாதை. சேதி கம்பெனி முழுக்கப் பரவியது. கருப்பாத்தாள் சித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருப்பே கண்ணு," என்றாள். அன்றைக்கு ராத்திரி சித்ரா இரண்டாவது தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். பூங்குழலி அம்மாவின் தட்டையே பார்த்தாள்.

தைப்பூசத்தன்று காலையில் கிரேன் வந்தது. ஒன்றரை டன் இரும்பை லாரியில் ஏற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, சம்பங்கி மாலை போட்டு, மேளத்தோடு கொண்டுபோனார்கள். வழியில் ஜனங்கள் என்ன தேர் இது என்று வேடிக்கை பார்த்தார்கள். கரட்டு அடிவாரத்தில் வேப்பமரத்துக்குக் கீழே கிரேன் அதை இறக்கி வைத்தது. பூசாரி திருநீறு போட்டு, தீர்த்தம் தெளித்து, "முருகனுக்கே ஆச்சு," என்று மூன்று தடவை சொன்னார். சித்ரா மகளோடு கும்பிட்டாள். முடிந்தது என்று நினைத்தாள். மழையிலும் வெயிலிலும் கிடந்து துருப்பிடித்து, உள்ளே வேலிக்கொடி முளைத்து, அப்படியே அங்கே கிடக்கும். பூங்குழலி பெரியவளாகி ஒரு நாள் கேட்டால், இதுதான் என்று கையை நீட்டிக் காட்டலாம்.

அவளை என்னவென்று சொல்வது! பிறந்ததிலிருந்து இதே கோயிலுக்கு வந்து போகிறவள். சாமிக்கு விட்டது எதுவும் சாமியிடம் தங்குவதில்லை என்று அவளுக்குத் தெரியாதா? சேவல் விட்டால் சேவலை ஏலம் விடுவார்கள். கிடா விட்டால் கிடா ஏலம். அம்மனுக்குச் சாத்தின சேலையைப் போன வருஷம் அவளே ஏலத்தில் எடுத்துக் கட்டியிருக்கிறாள். நேர்ந்து விட்டவனே மேலே கேட்டு எடுத்துக்கொண்டு போவதும் புதிதில்லை. சாமி கைபட்ட பொருள் ஊட்டுக்கு வந்தால் விருத்தி என்று சந்தோஷமாகப் போவான். எல்லாம் தெரியும். தெரிந்தும், இரும்பை எவன் ஏலம் விடுவான் என்று கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். வெள்ளைக்காரன் வார்த்தை என்பதால் சாமியும் வெள்ளைக்காரச் சாமி மாதிரி நடந்துகொள்ளும் என்று நினைத்தாளோ என்னவோ.

தேர் நிலைக்கு வந்ததும் ஏலம் ஆரம்பமானது. எலுமிச்சம்பழம், வெல்லம், ஏழு சேவல், ஒரு கன்றுக்குட்டி எல்லாம் போயின. அப்புறம் தர்மகர்த்தா மைக்கில், "அடுத்ததா, முருகனுக்கு வந்த மிசினு," என்றார்.

சித்ரா எழுந்து நின்றுவிட்டாள்.

முதலில் கேட்டது பல்லடத்துப் பழைய இரும்பு வியாபாரி சாமியப்பன். இரும்பு விலைக்குத்தான் கேட்டார். சித்ராவுக்கு அந்த மனுஷன் காலில் விழலாம் போலிருந்தது. எடுத்துக்கொண்டு போகட்டும், கேஸ் கட்டர் வைத்து அறுக்கட்டும், உருக்கிக் கம்பி ஆக்கட்டும். முருகா, அவருக்கே விழவேண்டும் என்று வேண்டினாள். ஆறு மாதத்தில் அவள் வேண்டிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

சென்னியப்பன் மேலே கேட்டார். சாமியப்பன் கொஞ்சம் ஏற்றினார். சென்னியப்பன் ஒரே தூக்காகத் தூக்கினார். கூட்டம் கை தட்டியது. சாமியப்பன் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் கூப்பி, "சாமி காரியம், நீங்களே எடுத்துக்குங்க," என்று பின்வாங்கினார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். மேளம் அடித்தார்கள். சென்னியப்பன் கழுத்தில் மாலை விழுந்தது. அவர் கண் கலங்கியிருந்தது, பொய்யில்லை.

சித்ரா கிரேன்காரனிடம் போனாள். அவன் நிழலில் உட்கார்ந்து பொங்கல் தின்றுகொண்டிருந்தான்.

"நீங்க இன்னும் போகலீங்களா?"

"எப்படிங்க போறது? மேனேஜர் போக வரச் சேத்தித்தானுங்க வாடகை பேசுனாரு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டும் என்று ஒரு நிமிஷம் அங்கேயே நின்று பார்த்தாள். வரவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து, அகராதியை எடுத்து அதே பக்கத்தைத் திறந்தாள். தாளைத் திருப்பினாள். மிச்சம் பின்பக்கத்தில் இருந்தது. வழக்கத்தில் பொருளையே எடுத்துக்கொள்வது அபூர்வம். விசாரணைக்கு உட்கார்ந்தவர்கள் அதற்கு ஒரு விலை நிர்ணயிப்பார்கள். சொந்தக்காரன் அதைக் கட்டிவிட்டுத் தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போவான். ரயில் இஞ்சின்களுக்குப் பெரிய பெரிய தொகையாகப் போட ஆரம்பித்ததும், 1846-இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். அங்கேயும் மாலையைப் போட்டுக்கொண்டு வண்டி வீடு திரும்பத்தான் செய்திருக்கிறது. ஒரு தாளைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும். அவளாகப் போய்ச் சொல்லியிருக்காவிட்டால் அந்தப் பச்சை பெயின்ட் பலித்திருக்காது, ரயிலேறி வந்தவன் காதிலும் ஒரு வாரத்தில் சேதி விழுந்திருக்கும், தார்ப்பாய் மறுபடி மேலே ஏறியிருக்கும். பெயின்டும் பூசணிக்காயும் செய்ய முடியாததை அவள் வாய் செய்துவிட்டது. யாரைக் குற்றம் சொல்வது?

பத்து மணிக்கு மோகன்ராஜ் வந்து, "அக்கா, மொதலாளி கீழ கூப்புடறாருங்க," என்றான்.

கீழே மெஷினைச் சுற்றி எல்லாரும் நின்றிருந்தார்கள். மாலை இன்னும் வாடவில்லை. ஆறு மாதம் சுவரோடு ஒட்டிப் போனவர்கள் எல்லாம் இப்போது மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பெரியகருப்பன் நெற்றி நிறையத் திருநீறு பூசி, கூடையில் ஈரத்துணியை நிரப்பி, தயாராக நின்றான். இனி இந்த மெஷினை அவன்தான் பார்க்கப் போகிறான். அவனாகவே கேட்டு வாங்கிக்கொண்டதாம்.

"வா அம்மிணி," என்றார் சென்னியப்பன். குரலில் அத்தனை கனிவு. "நீ சொல்லித்தான் இத்தனையும் நடந்துது. உன்ற கையாலயே போட்டு உடு. வேல்குமாருக்கும் அதுதான் சந்தோசம்."

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவர்கள் கண்ணில் இருந்தது கேலி இல்லை, கட்டாயம்கூட இல்லை, மரியாதை. மரியாதை செய்கிறவர்களிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மரத்துப்போன கை தானாகவே நீண்டது. சுவிட்சை அழுத்தினாள்.

கூடை முனகிக்கொண்டு கிளம்பி, வேகம் பிடித்தது. அடியில் குழாய் வழியாக நீலத் தண்ணீர் ஓடியது. கை தட்டினார்கள், யாரோ சர்க்கரைப் பொங்கலை அவள் கையில் வைத்தார்கள்.

பெரியகருப்பன் கிட்டே வந்தான். "பயமே விட்டுப்போச்சுக்கா. இனிமே இது சாமி மிசினுல்ல, ஒண்ணும் பண்ணாது," என்று சிரித்தான். "எல்லாம் உங்க புண்ணியம்."

"பாத்து ஓட்டுங்க," என்றாள் சித்ரா. வேறு என்ன சொல்வாள்?

மாடியேறி வந்து, கையைக் கழுவி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஹாலந்துக்காரன் பதில் போட்டிருந்தான். புது சாம்பிளில் நாற்றம் போய்விட்டதாம், சந்தோஷமாம், அடுத்த ஆர்டர் இரண்டு பங்காம். நன்றி என்று ஆரம்பித்து ஒரு வரி அடித்தாள். அப்புறம் விரல் நின்றது. கீழே இரண்டு ஹைட்ரோவும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு கவனித்துக் கேட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டும் கேட்டுப் பார்த்தாள். இரண்டு சத்தத்தில் எது வேல்குமாரைத் தின்றது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.